பாசறையில் ஒரு பேணி கோப்பி



பாசறை என்ற சொல் நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. பத்துப்பாட்டிலே மிகச் சிறியது முல்லைப்பாட்டு. அதன் 103 அடிகளுக்குள் ஒரு முழுப் பாசறையே விரிந்து கிடக்கின்றது. காட்டை வெட்டித் திருத்தி எழுப்பிய கூடாரங்கள், யானையைப் பழக்கும் இளைஞர், நாழிகை பார்த்துச் சொல்வோர், விளக்கேற்றும் பெண்கள், காவல் நிற்கும் யவனர் ஆகிய எல்லாரையும் நப்பூதனார் காட்டுகின்றார். இவர்களுக்கு நடுவே, புண்பட்ட யானைகளையும் தனக்காக மாண்ட வீரரையும் எண்ணித் துயில் கொள்ளாதிருக்கும் அரசனையும் காட்டுகின்றார். உயர்தர வகுப்பிலே இப்பாட்டைக் கற்பிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. அரசன் தூங்கவில்லை என்பதை அறிந்துகொண்டோம். ஆனால் காவல் முடிந்து குளிரோடு திரும்பி வந்த சாதாரண வீரன் எதைக் காய்ச்சிக் குடித்தான்? பாட்டின் பார்வை அரசன்மேல் உள்ளது. அந்த வீரனின் அடுப்பைத் தேடிப் போவது அதன் வேலையன்று.

அத்தகைய அடுப்பைத் தேடிப் போன ஒரு நூலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அது வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் எழுதப்பட்டது. அமெரிக்காவிலே 1861 முதல் 1865 வரை வடக்குக்கும் தெற்குக்கும் இடையே நடந்த உள்நாட்டு யுத்தத்தில் வடக்கின் பக்கம் நின்று போராடியவர் ஜோன் பில்லிங்ஸ். மசாசுசெற்ஸ் மாநிலத்தின் 10ஆவது பீரங்கி அணியைச் சேர்ந்தவர். படைத்தலைவரோ அரசியல்வாதியோ அல்லர். யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் சென்றபின், 1881ஆம் ஆண்டுக் கோடையில், மலைப்பகுதி விடுதியொன்றில் தங்கியிருந்த சிறுவர் கூட்டம் ஒன்றுக்குத் தமது படைவாழ்வைப் பற்றி அவர் பேசினார். அந்தப் பேச்சுகளே வளர்ந்து 1887இல் பொஸ்ரன் நகரில் நூலாக வெளிவந்தன. நூலின் பெயரைத் தமிழிலே ‘இறுகிய விசுக்கோத்தும் கோப்பியும்’ என்று சொல்லலாம். எழுதப்படாத படைவாழ்வின் கதை என்பது அதன் துணைத் தலைப்பு. தாமும் அதே யுத்தத்தில் பணிபுரிந்த சார்ள்ஸ் றீட் என்பவர் அதற்குப் படங்கள் வரைந்தார்.

யுத்தத்தைப் பற்றிய நூலுக்கு வெற்றியின் பெயரையோ வீரத்தின் பெயரையோ சூட்டாமல் விசுக்கோத்தின் பெயரையும் கோப்பியின் பெயரையும் ஏன் சூட்டினார்? நூலைப் படிப்பவருக்கு இதன் காரணம் விரைவிலேயே புரிந்துவிடும். அந்த மனிதர் படையில் உயிரோடு உலாவியது இவற்றின் துணையினால்தான்.

அமெரிக்கப் படையிலே கோப்பிக்கு இடம் கிடைத்த கதை சுவையானது. முற்காலத்தில் வீரனின் அன்றாடப் பங்கில் மதுவும் ஒன்றாக இருந்தது. 1832ஆம் ஆண்டு ஜனாதிபதி அன்ட்று ஜக்சன் அதை நிறுத்தி, பதிலாகக் கோப்பியும் சீனியும் வழங்கும்படி உத்தரவிட்டார். உள்நாட்டு யுத்தக் காலத்தில் நூறு பங்குக்குப் பத்து இறாத்தல் பச்சைக் கோப்பிக் கொட்டை, அல்லது வறுத்து அரைத்ததாயின் எட்டு இறாத்தல் என்பது கணக்கு. சீனி பதினைந்து இறாத்தல். ஒரு மனிதனுக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 36 கிராம் கோப்பித் தூளும் 68 கிராம் சீனியும் வருகின்றன. நமது வீடுகளில் மூன்று நான்கு பேர் காலையில் குடிக்கும் கோப்பி, அங்கே ஒருவனின் பங்காக இருந்தது.

இனி, இந்தப் பங்கு பிரிக்கப்பட்ட முறையைக் கேளுங்கள். பில்லிங்ஸின் நூலில் என் மனத்தில் ஆழப் பதிந்த இடம் இதுதான். நிலத்திலே ஒரு றப்பர் விரிப்பை விரிப்பார்கள். அணியில் எத்தனை பேரோ அத்தனை சிறு குவியல்களாகக் கோப்பியையும் சீனியையும் அதன்மேல் வைப்பார்கள். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகிவிடாமல் ஒரு பிடியை இங்கே குறைத்து அங்கே கூட்டிச் சரிபார்ப்பார்கள். அப்படிச் சரிபார்த்தாலும் மனிதர் கண்ணுக்குப் பக்கத்துக் குவியல் எப்போதும் பெரிதாகத்தானே தெரியும். ஆகவே சார்ஜன்ட் விரிப்புக்கு முதுகைக் காட்டியபடி பெயர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இன்னொருவன் ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பான். அவர் திரும்பிப் பாராமலே ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்குரியவன் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் முறைப்பாடு கிடையாது.

நீதி என்பதைப் பற்றிப் பெரிய நூல்கள் எத்தனையோ உண்டு. ஒரு பிடி கோப்பித் தூளை முன்வைத்து அதை இவ்வளவு எளிதாக விளக்கிய இடம் வேறு எங்கும் என் கண்ணிற் படவில்லை. பங்கிடுபவன் பாராமல் இருக்க வேண்டும், பெறுபவன் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கொடுக்கும் அதிகாரம் உள்ளவன் முதுகைக் காட்டி நிற்பதனாலேயே அந்தக் கோப்பி எவனுக்கும் கசக்கவில்லை.

நம்பிக்கை பற்றிய இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கின்றது. அரைத்த தூளைவிட முழுக் கொட்டையாகக் கிடைப்பதையே பல வீரர்கள் விரும்பினார்கள். தூளிலே என்னவெல்லாம் கலக்கலாம் என்பது நேயர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படைக்குப் பொருள் வழங்கிய ஒப்பந்தகாரர் எல்லாரும் நல்லவர்களாக இருந்திருக்க முடியாது. கொட்டையிலே கலப்படம் செய்வது எளிதன்று. அரைக்கும் சிரமம் தமக்கு என்றாலும் கண்ணாற் பார்த்து வாங்கும் பொருள் மேல் என்று அவர்கள் கருதினார்கள். கோப்பிச் சாறு, பால், சீனி ஆகியவற்றைக் கூட்டிப் பசைபோல் இறுக்கி, வெந்நீரில் கரைத்தாற் போதும் என்று ஒரு பண்டமும் அந்நாளில் வழங்கப்பட்டது. அரசாங்கம் எதிர்பார்த்த வசதி அதில் இருந்தது. வீரர்களோ அதை வெறுத்தார்கள்.

கிடைத்த கொட்டையை அவர்கள் எப்படிக் கோப்பியாக்கினார்கள்? வாளியிலே போட்டுத் துவக்கின் பின்கட்டையால் இடித்தார்கள். நமது ஊர்களில் உரலில் இடித்த கோப்பியின் மணத்தை அறிந்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. பழம் அடைத்து வந்த வெறும் தகரப்பேணி ஒன்றுக்குக் கம்பியாற் பிடி கட்டினால் அதுவே கேத்தல், அதுவே கோப்பை. அனுபவப்பட்ட வீரன் கோப்பியையும் சீனியையும் ஒரே துணிப்பையில் கொட்டிக் கலந்து வைத்துக்கொள்வான். நடைப்பயணத்தில் இரண்டு பைகளைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்தப் பையின் நிறத்தைப் பற்றி அதிகம் கேட்காதிருப்பது நல்லது.

நடுநிசியில் புறப்படும்படி கட்டளை வந்தால் முதலிற் கோப்பி. முற்பகலில் சற்று நிற்கச் சொன்னால் மீண்டும் கோப்பி. காவலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் கோப்பி. நடக்க முடியாமற் களைத்துப்போனவன் அணியை விட்டு விலகி, வேலிக்கட்டைகளை உடைத்துத் தீ மூட்டி, கோப்பி காய்ச்சிக் குடித்து, சற்றுக் கண்ணயர்ந்து, பிறகு தன் அணியைத் தேடி ஓடுவான். எங்கே போகின்றோம், எப்போது திரும்புவோம், நாளை உயிரோடு இருப்போமா என்ற எந்தக் கேள்விக்கும் அவனிடம் விடை கிடையாது. தன் பேணியை எவ்வளவு நேரம் நெருப்பில் வைப்பது என்பது மட்டும் அவன் தானே தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது. கோப்பிமேல் அவர்கள் வைத்த பற்றுக்கு, நாவின் சுவையைவிட இதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

பில்லிங்ஸே அறிந்திராத ஒரு நன்மையும் இதில் இருந்தது. அந்த யுத்தத்தில் இறந்த வடபடையினரிற் போர்க்களத்தில் மாண்டவர்களைவிட நோயினால் இறந்தவர்களே அதிகம். வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் படையை அரித்தன. கிருமிகளைப் பற்றிய அறிவு மருத்துவர்களிடையே கூடப் பரவாத காலம் அது. சேற்றுநீரைக் கோப்பிக்காகக் கொதிக்க வைத்தவன், தான் அறியாமலே தன் உயிருக்கு ஒரு காவல் போட்டுக்கொண்டான்.

நேயர்களே, இவ்வளவு கேட்டபின், வெட்டவெளியில் கற்களை வைத்து அடுப்பு மூட்டி நல்ல கோப்பி தயாரிப்பது எவ்வாறு என்ற எண்ணம் உங்களுக்கும் எழலாம். சாரணர் பாசறைக்குச் செல்லும் மாணவர் நம்மிடையே உண்டு. கூடாரம் கட்டி மலையில் இரண்டு நாள் தங்கிவரும் குடும்பங்களும் இப்போது உண்டு. அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

முதலாவது நெருப்பு. சுவாலை விட்டெரியும் நெருப்பிலும் தணல் மேல். ஈரவிறகின் புகை திறந்த பாத்திரத்துள் புகுந்தால், கோப்பியின் மணத்தைக் கொன்று தன் மணத்தைத் தந்துவிடும். ஆகையால் மூடி இல்லாத பாத்திரத்தை எடுத்துச் செல்ல வேண்டாம். இரண்டாவது தூள். கோப்பியின் மணம் காற்றோடு பறந்துபோகும் தன்மையது. அரைத்த தூளில் அது விரைந்து குறையும், கொட்டையில் நெடுநாள் தங்கும். கையாற் சுழற்றும் சிறிய அரைப்பான் ஒன்று இருப்பின் அன்றன்று அரைத்துக்கொள்ளலாம். தூள் கல்லுப்புப்போலப் பருமனாக இருக்கட்டும். மாவாக அரைத்தால் கசப்பும் மண்டியும் மிகும். மூன்றாவது அளவு. ஒரு லீற்றர் நீருக்கு 55 முதல் 60 கிராம் வரை போதும்.

நான்காவதுதான் முக்கியமானது. கோப்பியைக் கொதிக்க விடக்கூடாது. தூளும் நீரும் ஒன்றாகத் தளதளவென்று கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும், அடியில் உள்ள கசப்பெல்லாம் மேலே வந்துவிடும். நீரை மட்டும் நன்றாகக் கொதிக்க வையுங்கள். பாத்திரத்தை இறக்கி அரை நிமிடம் பொறுங்கள். அப்போது சூடு 95 பாகை அளவில் இருக்கும். மலையிலே இந்தப் பொறுமைகூடத் தேவையில்லை. ஆயிரம் அடி ஏற ஏற நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறைந்துகொண்டே போகும். நுவரெலியாவில் நீர் கொதிப்பதே 94 பாகை அளவில்தான். இனித் தூளைப் போட்டுக் கிளறி, மூடி, நான்கு நிமிடம் வைத்திருங்கள். பின் ஒரு கை குளிர்ந்த நீரை மேலே தெளியுங்கள். மிதக்கும் தூள் நனைந்து கனத்து அடியிற் படியும். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்து, பாத்திரத்தை ஆட்டாமற் சரித்து வாருங்கள். வடிதுணியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். மொத்தத்தில் ஆறு நிமிடப் பொறுமை போதும்.

மீண்டும் நூலின் காலத்துக்கு வருவோம். 1862 செப்ரெம்பர் 17ஆம் நாள் அன்டீற்றம் என்னும் இடத்தில் நடந்த சமர், அந்த நாட்டின் வரலாற்றிலே ஒரு நாளில் மிகுந்த குருதி சிந்தப்பட்ட சமராகும். அன்று காலையிலிருந்து எதுவும் உண்ணாது நின்ற ஒகையோ மாநிலத்தின் 23ஆவது படையணிக்கு, குண்டுகள் பறக்கும் வெளியினூடாக வண்டியிலே சூடான கோப்பியும் உணவும் கொண்டு சென்றான் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன். உணவுப் பகுதிச் சார்ஜன்ட்டான அவனுடைய பெயர் வில்லியம் மக்கின்லி. 1897இல் அவர் அமெரிக்காவின் ஜனாதிபதியானார். 1901இல் சுடப்பட்டு இறந்தார். அடுத்த இரண்டாண்டில், அந்தக் களத்திலே அவருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. வாளேந்திய கோலத்தை விட்டு, வீரருக்குக் கோப்பி வழங்கும் கோலத்தையே அதிற் செதுக்கினார்கள்.

எதிர்ப்பக்கத்தின் நிலை வேறு. வடக்கின் கடற்படை தென்மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிட்டிருந்தது. கோப்பி வந்து சேரவில்லை. தெற்கின் மக்கள் கம்பு போன்ற றை என்னும் தானியத்தை வறுத்தார்கள். வற்றாளைக் கிழங்கை வறுத்தார்கள். வெண்டி விதையையும் ஓக் மரத்தின் கொட்டையையும் வறுத்தார்கள். கறுப்பாக ஒரு நீர் கிடைத்தது. அதற்குக் கோப்பி என்று பெயரும் கிடைத்தது. பொருளாதாரத் தடை என்றால் என்ன என்பதை வாழ்ந்து அறிந்த நமது வடபகுதி நேயர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தெற்கிலே புகையிலை மிகுதியாக விளைந்தது. வடக்கின் வீரனிடம் கோப்பி இருந்தது, நல்ல புகையிலை இல்லை. 1862ஆம் ஆண்டு முடிவில் தொடங்கிய குளிர்காலத்தில் றப்பஹனொக் ஆற்றின் இருகரைகளிலும் இரு படைகளும் பாசறை அமைத்திருந்தன. காவலில் நின்ற இருதரப்பு வீரரும் பலகையாற் சிறு ஓடங்கள் செய்து, துணியாலோ கடதாசியாலோ பாய் கட்டி, ஒரு பக்கத்திலிருந்து கோப்பியையும் மறுபக்கத்திலிருந்து புகையிலையையும் ஆற்றிலே அனுப்பிக்கொண்டார்கள். அதிகாரிகள் தடுத்தார்கள். ஓடங்கள் நிற்கவில்லை. கண்ணாற் காணாத ஒருவன் தன் பங்கை ஒழுங்காக அனுப்புவான் என்று நம்பித்தான் ஒவ்வோர் ஓடமும் மிதந்தது. மறுநாள் சுடச் சொன்னால் அதே கைகள் சுட்டிருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதுதான் யுத்தம் என்பதன் முழு அவலம் நமக்கு விளங்குகின்றது.

யுத்தம் முடிந்தது. கோப்பிக்குப் பழகிய நாவோடு ஊர் திரும்பியவர்களிற் பலர் மேற்கே மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்லும் வேலைக்குப் போனார்கள். அங்கும் கூடாரம், அங்கும் நெருப்பு. வறுத்த கொட்டையை முட்டையும் சீனியும் கலந்த பூச்சினால் மூடி, மணம் போகாமற் பொதிசெய்து விற்றவர் ஜோன் ஆபக்கிள் என்னும் வணிகர். 1873 முதல் ‘அரியோசா’ என்ற பெயரில் அது பரவியது. ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு பெப்பமின்ற் இனிப்புத் துண்டு இருக்கும். சமையற்காரன், இனிப்பு யாருக்கு வேண்டும் என்று குரல் கொடுப்பான். முரட்டு மனிதர்கள் குழந்தைகளைப்போல முந்திக்கொண்டு வந்து, இனிப்புக்கு ஈடாகக் கொட்டையை அரைத்துக் கொடுப்பார்கள்.

இங்கே நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடமுடியாது. அந்தக் கொட்டை எங்கிருந்து வந்தது? அமெரிக்கா அந்நாளில் வாங்கிய கோப்பியிற் பெரும்பங்கு பிறேசிலில் விளைந்தது. அதை நட்டுப் பறித்தவர்கள் அடிமைகள். தன் நாட்டில் அடிமைமுறையை ஒழித்த யுத்தத்திலே நின்ற வீரன், வேறு நாட்டு அடிமை பறித்த கோப்பியைக் குடித்துக்கொண்டு நின்றான். பில்லிங்ஸின் நூல் வெளிவந்தது 1887இல். பிறேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே மாதத்தில். றப்பர் விரிப்பின்மேல் அவ்வளவு நீதியாகப் பிரிக்கப்பட்ட குவியல்களில், அவற்றை விளைவித்தவனுக்கு என்று ஒரு குவியல் இருக்கவில்லை.

அதே 1860களில் நமது மலையகமும் கோப்பி மலையாகத்தான் இருந்தது. இலைநோய் 1869இல் தோன்றி அந்தப் பயிரை அழித்த பின்னரே தேயிலை பரவியது. அந்தக் கோப்பியைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். அவர்களும் இரவுகளில் மரத்தடியிலே தங்கினார்கள். மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினார்கள். அந்த அடுப்பிலே என்ன வெந்தது, எப்படிப் பங்கிட்டார்கள், யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று நாள்தோறும் பார்த்து எழுதிவைக்க அவர்களிடையே ஒரு பில்லிங்ஸ் இல்லை. அவர்களுடைய துயரத்தில் ஒரு பகுதி வாய்மொழிப் பாடல்களிலே தங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடில் அதுவும் நம் கைக்கு வந்திராது.

இதனாலேயே இந்த நூலை நான் இலக்கியம் என்று மதிக்கின்றேன். அதிலே அணியழகு இல்லை, உயர்ந்த நடை இல்லை. ஒரு பேணி எப்படிக் கரிபிடித்தது, ஒரு பிடி தூள் எப்படிப் பிரிக்கப்பட்டது என்று சொல்லுகின்ற உண்மை இருக்கின்றது. பெரிய நிகழ்ச்சிகளை எழுத அரண்மனைப் புலவரும் அரசாங்கத் திணைக்களமும் எப்போதும் உண்டு. மனிதன் வீடிழந்து வெளியிலே கிடந்த நாட்களில் என்ன காய்ச்சினான், யாரோடு பகிர்ந்தான் என்பதை அவனே சொன்னாலன்றி எவரும் சொல்லப்போவதில்லை. நம்மிடையேயும் கூடாரத்தில் இருந்தவர்கள், அகதி முகாமில் வரிசையில் நின்றவர்கள், மரத்தடியில் கேத்தல் வைத்தவர்கள் இருக்கின்றார்கள். வயது ஏறிக்கொண்டிருக்கின்றது. பில்லிங்ஸைப் போல, கேட்கும் பிள்ளைகள் நாலு பேரை முன்னால் இருத்தி அவர்கள் பேசட்டும். பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். எதைப் பற்றித் தொடங்குவது என்று தயங்குபவர்கள், அன்று குடித்த கோப்பியைப் பற்றித் தொடங்கலாம்.